பழைய மெர்சிடிஸின் ஸ்டீயரிங்குக்குப் புதுத் தோல்: செகாம்புட் குஷன் கடையில் ஆறு வாரங்கள்

கோலாலம்பூரின் செகாம்புட் தொழிற்பேட்டையின் உள்வீதி ஒன்றில், டயர்க் கடைக்கும் ரேடியேட்டர் பட்டறைக்கும் நடுவே ஒரு குஷன் கடை இருக்கிறது. அதன் பெயர்ப்பலகையில் "குஷன் கெரேத்தா" (மலாயில் கார் மெத்தை) என்ற இரண்டு சொற்களைத் தவிர மற்ற எழுத்துகள் அனைத்தையும் வெயில் தின்றுவிட்டது. என் தந்தையார் விட்டுச்சென்ற 1984ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 230இ காரின் ஸ்டீயரிங் வளையத்துக்கு அங்கேதான் புதுத் தோல் போட்டேன். கொடுத்த பணம் 420 வெள்ளி (ரிங்கிட்). சொன்ன காலம் பத்து நாள். ஆன காலம் ஆறு வாரம். அப்படியிருந்தும் வேலை நன்றாகவே வந்திருக்கிறது என்பது என் தீர்ப்பு. எங்கே நன்றாக வந்தது, எங்கே பிசகியது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் இதே வேலைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கும் பழைய கார்க்காரர்கள் கோலாலம்பூரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், நான் முதலில் செய்த தவற்றை அவர்களும் செய்யக் கண்டிருக்கிறேன்.

டபிள்யூ 123 என்னும் குறியீட்டால் அறியப்படும் இந்தக் கார் வரிசை 1976இல் அறிமுகமாகி, பத்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 27 இலட்சம் கார்களாகத் தயாரிக்கப்பட்டது. ஆகவே இது அரிய கார் என்று யாரும் சொல்ல முடியாது. உதிரிப் பாகங்களும் தேடினால் கிடைக்கின்றன. ஆனால் தோல் சுற்றிய ஸ்டீயரிங் அந்நாளில் கூடுதல் பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் வந்த வசதி. பெரும்பாலான கார்களில் வெறும் கறுப்பு பிளாஸ்டிக் வளையம்தான் இருந்தது. பழைய தோல் வளையம் ஒன்றை, பழைய கார்களை வெட்டிப் பாகங்களாக விற்கும் ஹாப் கட் கடைகளில் தேடிப் பார்த்தேன். அகப்பட்ட இரண்டுமே என்னுடையதைவிடக் கிழிந்து கிடந்தன. எனவே இருப்பதைச் சரிசெய்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

வளையம் இருந்த நிலையைச் சொல்லவேண்டும். மேற்பாதியில் கறுப்புப் பூச்சு முழுவதும் போய், தோலின் இயல்பான சாம்பல் நிறம் வெளியே தெரிந்தது. வலப்புற மேல் வளைவில் தொட்டால் பிசுபிசுத்தது. ஓரிடத்தில் தோல் வெடித்து, அடியிலிருந்த நுரை எட்டிப் பார்த்தது. உட்புறத் தையலில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் இற்றுப்போயிருந்தது. நாற்பது ஆண்டு வியர்வையும் கோலாலம்பூர் வெயிலும் இதைச் செய்தன என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். திறந்த வெளியில் நிறுத்திய காரின் உட்புறம் 60 பாகை செல்சியஸைத் தாண்டிச் சுடுவது நமக்கெல்லாம் பழகிய செய்திதான். ஆனால் கடைசி அடியைக் கொடுத்தவன் நான். 2020 மார்ச் 18 அன்று கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், மளிகைக் கடைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் கையில் கிருமிநாசினியை ஊற்றித் தேய்த்து, அது காய்வதற்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்து வண்டியை எடுப்பேன். அதில் பாதிக்கு மேல் ஆல்கஹால். தோலின் மேற்பூச்சைக் கரைக்கப் பட்டறைக்காரர்கள் வேண்டுமென்றே பயன்படுத்துகிற பொருளை, நான் இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் அதன்மேல் தடவியிருக்கிறேன்.

முதலில் செய்த தவறு இதுதான்: தோல் போய்விட்டதா, பூச்சு மட்டும் போய்விட்டதா என்று பார்க்காமலேயே நிறம் பூசக் கொடுத்தேன். கார் துலக்கும் கடை ஒன்றில் 150 வெள்ளிக்கு அரை நாளில் கறுப்புப் பூசித் தந்தார்கள். அன்று மாலை அது புதிதுபோலவே இருந்தது. மூன்றாம் மாதம் வலப்புறம் தோலுரியும் பாம்பைப்போல உரிந்து, என் சட்டைக் கைகளில் கறுப்புத் துகள்களாக ஒட்டியது. நிறம் பூசுவதே ஏமாற்று வேலை என்று இதற்குப் பொருள் இல்லை. தோல் உறுதியாக இருந்து மேற்பூச்சு மட்டும் தேய்ந்திருந்தால் அதுவே சரியான வழி, செலவும் குறைவு. பழைய எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் நீக்கி, நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, வெடிப்புகளைத் தோலுக்குரிய நிரப்பியால் அடைத்து, நீர் சார்ந்த நிறமிச் சாயத்தைப் பல மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, இறுதியில் மங்கலான காப்புப் பூச்சு கொடுத்தால் சில ஆண்டுகள் தாங்கும். அரை நாளில் முடிகிற வேலை அன்று. என் வளையத்தில் நாற்பது ஆண்டு வியர்வை ஊறியிருந்தது. அதன்மேல் எதைப் பூசியிருந்தாலும் நிற்காது.

செகாம்புட் கடைக்கு நான் போனது 2025 ஜனவரி 8. கடைக்கு உரிமையாளர் ஒரு சீனத் தவுக்கே. கணக்கும் வாடிக்கையாளரும் அவர் பொறுப்பு. தையலைச் செய்கிறவர் அறுபது வயதைக் கடந்த நம்மவர் ஒருவர். பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பதில் தொடங்கி, சோபா, படகு மெத்தை என்று போய், கடைசியில் கார்களில் வந்து நின்றவர். நான் வளையத்தைக் கழற்றாமல் காரோடு போயிருந்தேன். அவர் கதவருகே வந்து குனிந்து பார்த்தார். ஆனால் வளையத்தைக் கையால் தொடவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதன் முனையால் சுட்டிக்காட்டி, உதவியாளரான இளைஞரிடம் ஒவ்வோரிடத்திலும் ஒரு சொட்டு நீர் விடச் சொன்னார். கீழ்ப்பாதியில் சொட்டு முத்தாக நின்றது. அங்கே மேற்பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. மேற்பாதியில் விட்ட சொட்டு உடனே ஊறிக் கருந்திட்டாக மாறியது. பிறகு இளைஞரை நகத்தால் அழுத்தச் சொன்னார். நகத்தின் தடம் மீளவில்லை.

"தம்பி, இது பூசுற வேலை இல்ல. உள்ளயே செத்துப்போச்சு," என்றார். அடுத்து, ஒருமணித் திசையில் தோலில் ஓடிய மெல்லிய பள்ளத்தைப் பென்சிலால் தொட்டு, "வலது கையில மோதிரம் போட்டவரு ஓட்டுன காடி. கல்லு வெச்ச மோதிரம்," என்றார். என் தந்தையார் நவரத்தின மோதிரத்தைக் கடைசிவரை கழற்றியதில்லை. இதற்காக அவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். மோதிரத்தைக் கண்டுபிடித்த கண் தையலின் சாய்வையும் கண்டுபிடிக்கும் என்ற நம்பிக்கையில்தான் வேலையை அங்கே கொடுத்தேன்.

தோலைத் தேர்ந்தெடுத்த கதையைச் சற்று நிதானமாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தவுக்கே மூன்று மாதிரிகளை மேசையில் விரித்தார். முதலாவது, நம் ஊர்க் கடைகளில் "செமி லெதர்" என்று சொல்லப்படுவது. பெயரில் தோல் இருந்தாலும் அது துணியின்மேல் பூசிய பிவிசி. இரண்டாவது, மாட்டுத் தோலைக் கிடையாகப் பிளந்து எடுத்த அடிப்பாகத்தின்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியது; தோல்தான், ஆனால் தோலின் வலுவைத் தருகிற நெருக்கமான இழைகள் மேற்பாகத்தோடு போய்விட்டன. மூன்றாவது, குரோமியத்தால் பதனிட்ட மேற்பாகத் தோல். மூன்றையும் மேலிருந்து பார்த்தால் எனக்கு வேறுபாடு தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெட்டிய ஓரத்தையும் பின்புறத்தையும் பார்த்தபோதுதான் விளங்கியது. முதலாவதின் பின்புறத்தில் நெய்த துணி தெரிந்தது. இரண்டாவதின் ஓரத்தில் படலமும் தோலும் இரண்டு அடுக்காகத் தனித்தனியே தெரிந்தன. மூன்றாவதில் மேலிருந்து கீழ்வரை இழைகள் ஒரே உடலாக இருந்தன. தோல் வாங்குகிறவர் மேற்பரப்பைத் தடவிப் பார்ப்பதைவிட ஓரத்தைப் பார்ப்பது நல்லது.

ஸ்டீயரிங்குக்கு பிவிசி ஏன் ஒத்துவராது என்பதற்கு விலையைத் தாண்டிய காரணம் ஒன்று உண்டு. என் வளையத்தின் வெளிவிட்டம் ஏறத்தாழ 40 செ.மீ.; பிடியின் தடிப்பு 28 மி.மீ. கணக்கிட்டுப் பார்த்தால் வெளிச்சுற்று 126 செ.மீ., உட்சுற்று 108 செ.மீ. அளவில் வருகிறது. ஒரே பட்டை, வெளியே 126 செ.மீ. நீளத்துக்கு விரியவும் உள்ளே 108 செ.மீ. அளவுக்குச் சுருங்கவும் வேண்டும். நல்ல தோலுக்கு இழைகள் ஒன்றோடொன்று நழுவி இடம் கொடுப்பதால் இது முடிகிறது. ஈரமும் இலேசான சூடும் காட்டினால் இன்னும் எளிது. துணி முதுகுள்ள பிவிசிக்கு அந்த இணக்கம் இல்லை. அதனால்தான் மலிவான வேலைகளில் உட்புறத் தையலை ஒட்டிச் சுருக்கங்கள் கொசுவம்போல நிற்கின்றன. அதை மறைக்க அடியில் பசையை ஊற்றுவார்கள். வெயிலில் பசை இளகும், சுருக்கம் திரும்பவும் தலைதூக்கும்.

நான் எடுத்தது மூன்றாவது மாதிரி. இளைஞரிடம் வெர்னியர் அளவியைக் கேட்டு வாங்கி அளந்தபோது அது 1.1 மி.மீ. கனம் காட்டியது. தவுக்கே இங்கே ஒரு விற்பனைப் பேச்சையும் தொடங்கினார்: அடியில் 3 மி.மீ. நுரைத் தாள் வைத்தால் பிடிக்கக் குண்டாக, பந்தயக் கார்போல இருக்கும், கூடுதல் 60 வெள்ளிதான், கைபடும் இடங்களில் துளையிட்ட தோலும் சிவப்பு நூலும் போடலாம் என்றார். இதை மறுத்தவர் நான் அல்லேன், தையல்காரர்தான். 3 மி.மீ. நுரை வைத்தால் 28 மி.மீ. பிடி 34 மி.மீ. ஆகும்; ஜெர்மன்காரன் அளந்து வைத்ததை நாம் ஏன் கெடுக்கவேண்டும் என்று தவுக்கேயிடம் மலாயில் சொன்னார். தவுக்கே சிரித்துக்கொண்டே நுரைத் தாளை மடித்து உள்ளே வைத்தார். கடைக்கு வரவேண்டிய பணத்தைத் தடுக்கிற தொழிலாளியை நான் அடிக்கடி பார்த்ததில்லை.

இந்தத் தடிப்பு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழைய மெர்சிடிஸ், வோல்வோ, ஜாகுவார் கார்களின் ஸ்டீயரிங் இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் பெரிய வட்டமும் மெல்லிய பிடியும் உடையது. விரல் நுனிகளால் பிடித்து, பெரிய வட்டத்தில் நிதானமாகத் திருப்புவதற்கென்றே அந்த அளவு. அதைத் தடிப்பாக்கினால் கார் ஓட்டும் உணர்வே வேறாகிவிடுகிறது. ஓட்டுபவர் நாற்பதாண்டுக் காரில் உட்கார்ந்துகொண்டு சென்ற ஆண்டுக் காரைப் பிடித்திருப்பார். சிவப்பு நூல் பிடிக்கிறவர்கள் போட்டுக்கொள்ளலாம், பின்னால் பிரித்து மாற்றலாம். நுரை ஒட்டிய வளையத்தைப் பழையபடி ஆக்குவது கடினம், ஏனென்றால் பசையைச் சுரண்டும்போது அசல் நுரையும் கூடவே பிய்ந்து வரும்.

வளையத்தைக் கழற்றுவதும் பூட்டுவதும் இந்தக் கடையின் வேலை அன்று. அதை அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். என் மெக்கானிக்கிடம் கழற்றிக் கொடுத்தேன். இந்தக் காரில் நடுவிலுள்ள ஹாரன் தட்டைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். அடியில் 10 மி.மீ. ஆலன் சாவிக்குரிய ஒரே ஒரு போல்ட்தான். அதைக் கழற்றும்முன் முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, தண்டிலும் வளையத்திலும் ஒன்றுக்கொன்று நேராக அடையாளம் கீறிவைக்கவேண்டும். தவறினால் ஒரு பல் தள்ளி உட்கார்ந்து, நேர்ச்சாலையிலும் ஸ்டீயரிங் கோணலாகத் தெரியும். போல்ட்டைத் தளர்த்தும்போது வளையத்தைக் கையால் இறுகப் பிடித்துக்கொள்ளவேண்டும், ஸ்டீயரிங் பூட்டின்மேல் அந்த விசை விழக்கூடாது. திரும்பப் பூட்டும்போது டார்க் ரெஞ்சால் 80 நியூட்டன் மீட்டர். காற்றுப்பை உள்ள கார்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது. மெர்சிடிஸே 1981 முதல் தன் பெரிய எஸ் வரிசைக் கார்களில் காற்றுப்பையைக் கொடுக்கத் தொடங்கிவிட்டதால், "பழைய கார்தானே" என்று துணிந்து கைவைக்கக்கூடாது. பேட்டரியைத் துண்டிப்பதிலிருந்து எல்லாமே அந்த வேலை தெரிந்தவரிடம் போகவேண்டும். மெக்கானிக் தன்னிடம் கிடந்த பிளாஸ்டிக் வளையம் ஒன்றைத் தற்காலிகமாகப் பூட்டித் தந்தார். அது மட்டும் இல்லையென்றால் ஆறு வாரம் கார் அசைந்திருக்காது.

இனித் தாமதம். தவுக்கே சொன்ன பத்து நாள் ஜனவரி 18 அன்று முடிந்தது. தொலைபேசியில் அழைத்தபோது, சீனப் பெருநாள் வருகிறது, இருக்கை உறை வேலைகள் குவிந்துவிட்டன என்றார். 24ஆம் தேதி நேரில் போனேன். வளையம் அலமாரியில் இருந்தது. பழைய தோலை இளைஞர் உரித்து எடுத்து, நுரையிலிருந்த இரண்டு பள்ளங்களை நெகிழும் நிரப்பியால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தார். அந்த வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் புதுத் தோல் வெட்டப்படவே இல்லை. தையல்காரர் அருகில் ஒரு வேனின் பிவிசி இருக்கைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. பிளாஸ்டிக்குக்கு நேரம் இருக்கிறது, என் வேலைக்கு இல்லையா என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

அவர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கழுத்திலிருந்த துளசி மாலையைத் தொட்டுக் காட்டினார். "தைப்பூசத்துக்கு மாலை போட்டிருக்கேன் தம்பி. காவடி எடுக்கிறேன். நாப்பத்தெட்டு நாளைக்குத் தோலைத் தொடமாட்டேன். தவுக்கே சொல்லலையா?"

தவுக்கே சொல்லவில்லை. அன்று பென்சில் முனையால் சுட்டிக்காட்டியதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விரத காலத்தில் அவர் துணி, பிவிசி, நுரை வேலைகளை மட்டும் செய்வாராம். இருபது ஆண்டுகளாக அப்படித்தானாம். நானும் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தவன். விரதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இது திடீரென்று வந்த தடை அன்று. ஆண்டுதோறும் நாள்காட்டியில் இருக்கிற ஒன்று. வேலையை வாங்கும் நாளிலேயே "தைப்பூசம் முடிந்துதான் தோல் வேலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் வளையத்தைக் கழற்றாமல் பிப்ரவரியில் வந்திருப்பேன். பத்து நாள் என்று சொன்ன தவுக்கேயின் வாய்தான் இந்தக் கடையின் பெரிய குறை. அதற்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

பிப்ரவரி 11 அன்று தைப்பூசம் முடிந்தது. 15ஆம் தேதி சனிக்கிழமை காலை அவரே அழைத்தார், பார்க்க விருப்பமிருந்தால் வரலாம் என்று. பசியாறிவிட்டுப் போனேன், பகல் இரண்டு மணிவரை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் ஆறு வார எரிச்சல் தணிந்தது அந்த நாற்காலியில்தான்.

முந்தைய நாளே தோலை வெட்டி முடித்திருந்தார். பழைய தோலைப் பிரித்தபோது கிடைத்த நான்கு துண்டுகளைத் தட்டையாக்கி, அவற்றையே அச்சாக வைத்து வெட்டியிருக்கிறார். வயிற்றுப் பகுதித் தோல் அதிகம் இழுபடும் என்பதால் அதை ஒதுக்கி, முதுகெலும்பை ஒட்டிய பகுதியிலிருந்து நான்கையும் எடுத்ததாகச் சொன்னார். பிடியின் சுற்றளவு ஏறத்தாழ 8.8 செ.மீ. இருக்க, பட்டையின் அகலம் அதைவிட அரை செ.மீ. குறைவு. அந்தக் குறையை நூலின் இழுவை ஈடுகட்டவேண்டும், அப்போதுதான் தோல் முரசுபோல விறைத்து நிற்கும். துண்டுகள் சேரும் இடங்களில் ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்கியிருந்தார்; இல்லையென்றால் நான்கு ஆரக்கால்களின் அருகிலும் மேடு தட்டும். ஓரங்களில் துளைகளை அளவெடுத்து 5 மி.மீ.க்கு ஒன்றாக முன்னரே குத்திவைத்திருந்தார். ஓர் ஓரத்துக்கு ஏறத்தாழ இருநூறு, இரண்டுக்குமாக நானூறு துளைகள். இரு ஓரங்களிலும் எண்ணிக்கை ஒன்றே. ஒரு துளை கூடினாலும் குறைந்தாலும் தையல் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும் என்றார்.

நூல் கறுப்புப் பாலியெஸ்டர். பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும். நைலான் வலுவானதுதான், ஆனால் வெயிலைப் பொறுத்துக்கொள்வதில் பாலியெஸ்டருக்கு அடுத்தபடிதான். ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு மழுங்கிய ஊசிகள். ஈரத் துணியால் தோலை ஒற்றி, முடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடு காட்டி, இடக்கை ஊசியும் வலக்கை ஊசியும் மாறி மாறி எதிர்த்துளைக்குள் புகுந்து வர, ஒவ்வொரு தையலுக்கும் நூலை இரு பக்கமும் ஒரே விசையில் இழுத்தார். இழுப்பு கூடினால் துளை கிழியும். குறைந்தால் ஓரங்களுக்கிடையே பல் தெரியும். பத்துப் பதினைந்து தையலுக்கு ஒருமுறை மழுங்கிய தட்டை ஒன்றால் உட்புறச் சுருக்கங்களைத் தையலை நோக்கித் தள்ளித் தேய்த்தார். நான் முன்பு சொன்ன 18 செ.மீ. வேறுபாடு அந்தத் தேய்ப்பில் கண்முன்னே மறைந்தது. பசை தடவியது ஆரக்கால்களின் முனைகளில் மட்டும். வளையத்தின் மற்ற இடங்களில் தோல் தன் இறுக்கத்தாலேயே நிற்கிறது. நாளைக்கு இதையும் ஒருவர் பிரிக்கவேண்டி வந்தால் அசல் நுரைக்குச் சேதம் வராது.

இடையிடையே பேச்சுக் கொடுத்தேன். ஸ்டீயரிங்கில் தோல் போடுவதற்கு இப்போது ஆயத்த உறைகள் வருகின்றனவே, துளையிட்டு, நூலோடு பெட்டியில் கிடைக்கின்றனவே என்று கேட்டதற்கு, வளையத்தின் வடிவத்துக்கு வெட்டிய உறையானால் பொறுமையுள்ளவர் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம், எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்பதை மட்டும் வாங்கவேண்டாம் என்றார். அளவு சரியில்லாத உறை ஓட்டும்போது வளையத்தின்மேல் சுழன்று நழுவும். அது அழகுப் பிரச்சினை அன்று, ஆபத்து. இதில் அவர் சொல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன்: பழைய தோலை உரிக்காமல் அதன்மேலேயே உறையைத் தைப்பவர்கள் இருக்கிறார்கள். அடியில் சிக்கிய வியர்வையும் ஈரமும் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணமாக மலரும்.

19ஆம் தேதி வளையம் என் கைக்கு வந்தது. குறைகள் இரண்டு. இடப்புறக் கீழ் ஆரக்காலின் அருகே இணைப்புக் கோடு, எதிர்ப்புறத்தோடு ஒப்பிட்டால் 3 மி.மீ. மேலே ஏறியிருக்கிறது, தேடிப் பார்ப்பவருக்குத்தான் தெரியும், ஆனால் நான் தேடிப் பார்ப்பவன். புதுத் தோலின் பளபளப்பும் டாஷ்போர்டின் மங்கிய கறுப்பைவிடச் சற்றுத் தூக்கலாக இருக்கிறது. மாதிரியைக் காரின் உள்ளே வைத்துப் பார்க்காமல் கடையின் குழல்விளக்கில் பார்த்துத் தேர்ந்தெடுத்தது என் பிழை.

மூன்றாவதாக ஒன்று நடந்தது. அது குறை என்பதைவிடக் கூத்து. மெக்கானிக் வளையத்தைப் பூட்டி ஹாரன் தட்டை அழுத்தி உட்காரவைத்தார். ஜாலான் ஈப்போவில் முதல் வலத்திருப்பத்திலேயே ஹாரன் தானாக அலறத் தொடங்கி, பச்சை விளக்கு விழும்வரை நிற்கவில்லை. முன்னால் நின்ற லாரிக்காரர் இறங்கியே வந்துவிட்டார். ஆரக்கால் முனைகளில் மடித்து ஒட்டிய தோல் ஓரிடத்தில் கனமாக இருந்ததால், தட்டு முழுமையாக உட்காராமல் ஒரு பக்கம் அழுந்தியே நின்றிருக்கிறது. செகாம்புட்டுக்குத் திரும்பிப் போனேன். தையல்காரர் அந்த மடிப்பைப் பிரித்து, பாதிக் கனத்துக்குச் சீவி, மறுபடி ஒட்டித் தர அரை மணி நேரம் ஆயிற்று, பணம் வாங்கவில்லை. அதன்பின் ஹாரன் நான் அழுத்தினால் மட்டுமே பேசுகிறது.

மற்றபடி, கையில் பிடித்தால் இது பழைய வளையமேதான். தடிப்பு மாறவில்லை, பெருவிரல் ஆரக்காலின்மேல் வழக்கமான இடத்தில் போய் அமர்கிறது, முழுச்சுற்றும் கையை ஓட்டினால் இணைப்புகள் நான்கும் விரலுக்குத் தட்டுப்படவில்லை. மதிய வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பிடித்தாலும் பிசுபிசுப்பு இல்லை. மேலே சொன்ன இரண்டு குறைகளும் கண்ணுக்குத்தான், கைக்கு இல்லை. ஸ்டீயரிங்கில் குறை கண்ணுக்கு மட்டும் தெரிந்து கைக்குத் தெரியாமல் இருப்பது எனக்குச் சம்மதம்.

விலையைப் பற்றி: இதே கடையில் செமி லெதர் 180 வெள்ளி, பிளந்த தோல் 260 வெள்ளி என்று சொன்னார்கள். எனக்கு 420 வெள்ளி ஆனதில் நுரைப் பள்ளங்களை அடைத்த கூலியும் அடங்கும். கழற்றிப் பூட்டியதற்கு மெக்கானிக்குக் கொடுத்த 50 வெள்ளி தனி. நாள்தோறும் வேலைக்கு ஓட்டுகிற சாதாரணக் காருக்கு இது அதிகம் என்று ஒருவர் சொன்னால் மறுக்கமாட்டேன். பழைய நார்டி போன்ற மரவளையம் உள்ளவர்களும், வெடித்த கெட்டிப் பிளாஸ்டிக் வளையத்தோடு மாரிஸ் மைனர் வைத்திருப்பவர்களும் இங்கே போகவேண்டாம்; மரமும் எபாக்சி நிரப்பலும் இவர்கள் தொழில் இல்லை, கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பராமரிப்புக்குத் தையல்காரர் சொன்னது குறைவு. வாரம் ஒருமுறை பிழிந்த ஈரத்துணி, மாதம் ஒருமுறை காரமில்லாத மென்மையான சோப்பு நுரை, உடனே உலர்ந்த துணி. தோலுக்கு எண்ணெயும் கிரீமும் தடவச்சொல்லி விற்கிறவர்களை நம்பவேண்டாம் என்றார். பூச்சுள்ள தோலுக்குள் அது இறங்குவதில்லை, மேலேயே நின்று அழுக்கையும் பூஞ்சணத்தையும் சேர்க்கும். கிருமிநாசினியைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. அதை இப்போது காரின் பின்னிருக்கைப் பையில் வைத்திருக்கிறேன்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்குமேல் போகலாம், ஞாயிறு விடுமுறை. அட்டை வாங்குவதில்லை, ரொக்கம்தான். நாள் குறிப்பதைத் தவுக்கேயிடம் கேட்காமல் தையல்காரரிடம் கேட்கவேண்டும். தைப்பூசத்துக்கு முந்தைய நாற்பத்தெட்டு நாளில் தோல் வேலையைக் கொண்டுபோய்ப் பயனில்லை.